வில்லுக்கும் வினைக்கும் நடுவே

எங்கள் ஊருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபது வயதுக்காரர்கள். மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள், சம்பந்திகள், பேரக் குழந்தைகள். திருக்கடையூர் சன்னதித் தெருவில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால், கழுத்தில் மாலையோடு பழைய மாப்பிள்ளைகளும் பழைய மணப்பெண்களும் வரிசையாகக் கோயிலுக்குள் போவது தெரியும். அறுபதுக்கு சஷ்டியப்த பூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். மார்க்கண்டேயனுக்காகக் காலனையே காலால் உதைத்த சுவாமி இருக்கும் ஊர் என்பதால் இந்தக் கூட்டம்.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இந்த ஊரில் குடியிருந்தால் என்ன ஆகும்? பழைய மாணவர்கள் தங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த கையோடு, "சார் இங்கதான் இருக்காராமே" என்று தேடி வருவார்கள். அப்படி 2019-ஆம் வருஷம் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மனைவியோடு வந்து நமஸ்காரம் செய்தார். உட்காரச் சொன்னேன். டெல்டாவில் உள்ள ஒரு கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து சிரஸ்தார் ஆகி ஓய்வு பெற்றவர். காபி குடித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"சார், இதை உங்ககிட்ட காட்டணும்னு இருபது வருஷமா வச்சிருக்கேன். தப்பா நினைச்சுக்கக் கூடாது."

அந்தத் தாளில் இருந்ததைச் சொல்வதற்கு முன்னால் 1974-க்குப் போக வேண்டும்.

நான் அப்போது ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். வேலைக்கு வந்து நாலைந்து வருஷம் இருக்கும். நான் முதலில் சேர்ந்த பள்ளியில் இருந்த தலைமையாசிரியர் இங்கிலீஷில் புலி. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதிகளில் ஒன்று: வில், ஷல், மே, மஸ்ட் போன்ற துணைவினைக்கும் அதை அடுத்து வரும் முக்கிய வினைக்கும் நடுவில் அட்வெர்ப் நுழையக் கூடாது. "புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில மூணாவது ஆள் எதுக்குய்யா?" என்பார். நானும் அந்த உதாரணத்தையே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன்கள் சிரிப்பார்கள், விதியும் மறக்காது.

அந்த வருஷம் அரையாண்டுத் தேர்வில் கட்டுரைக்கு "நான் வளர்ந்து என்னவாக விரும்புகிறேன்" என்று தலைப்புக் கொடுத்திருந்தோம். இந்தப் பையன், 'ஐ வில் ஃபெய்த்ஃபுலி சர்வ் மை கன்ட்ரி' என்று எழுதியிருந்தான். நான் 'ஃபெய்த்ஃபுலி'யைச் சிவப்பு மையால் அடித்து, அம்புக்குறி போட்டு, வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளினேன். ஒரு மார்க் போயிற்று. ஆங்கிலத்தில் முதலாவதாக வருகிற மாணவனுக்கு ஆண்டு விழாவில் ஒரு புத்தகம் பரிசு உண்டு. அந்த ஒரு மார்க்கில் அது இன்னொருவனுக்குப் போயிற்று.

பேப்பர் கொடுத்த அன்று பையன் எழுந்து நின்றான். "சார், 'ஐ வில் நெவர் ஃபர்கெட்'னு பாடத்துல வருதே, நெவர் மட்டும் நடுவுல நுழையலாமா?"

என்னிடம் பதில் இல்லை. அதை ஒப்புக்கொள்ளும் தைரியமும் இல்லை. "அதிகப்பிரசங்கி" என்று சொல்லி அவனை அந்தப் பீரியட் முழுவதும் பெஞ்சின் மேல் நிற்க வைத்தேன். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வியே கேட்டதில்லை. நல்ல பிள்ளையாகிவிட்டான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இப்போது அந்தத் தாள். இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலிருந்து அவர் தாமே டைப் அடித்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் பதவி ஏற்கும்போது எடுக்கும் உறுதிமொழி. 'ஐ வில்' என்ற இடத்திலும் 'பெர்ஃபார்ம்' என்ற இடத்திலும் பென்சிலால் கோடு போட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில், 'ட்யூலி அண்ட் ஃபெய்த்ஃபுலி அண்ட் டு த பெஸ்ட் ஆஃப் மை எபிலிட்டி, நாலெட்ஜ் அண்ட் ஜட்ஜ்மென்ட்'. எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று வார்த்தைகள்.

"ஒரு ஆள் நுழையக் கூடாதுன்னீங்க சார். இங்க ஒரு கல்யாணக் கும்பலே நுழைஞ்சிருக்கு."

அவர் மனைவி, "போதும், சும்மா இருங்க" என்று அதட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

அவர் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. முதலில் அந்த அட்டவணையை முழுதாகப் படித்தேன். மந்திரி பதவி ஏற்கிறவர் தம் கடமைகளை 'வில் ஃபெய்த்ஃபுலி அண்ட் கான்ஷியன்ஷியஸ்லி டிஸ்சார்ஜ்' என்கிறார். நாடாளுமன்ற உறுப்பினர், 'வில் ஃபெய்த்ஃபுலி டிஸ்சார்ஜ்'. மந்திரிகளுக்கான ரகசியக் காப்பு உறுதிமொழியில், 'வில் நாட் டைரக்ட்லி ஆர் இன்டைரக்ட்லி கம்யூனிகேட்'. குடியரசுத் தலைவருக்கு அட்டவணையில் இல்லை, 60-ஆவது பிரிவிலேயே தனியாக இருக்கிறது: 'வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட்', அதைத் தொடர்ந்து 'வில் டு த பெஸ்ட் ஆஃப் மை எபிலிட்டி ப்ரிசர்வ், ப்ரொடெக்ட் அண்ட் டிஃபெண்ட்'.

இதை எழுதியவர்கள் இங்கிலீஷ் தெரியாதவர்களா? அம்பேத்கர் தலைமையில் 1947 ஆகஸ்ட் 29-இல் அமைந்த வரைவுக் குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் இருந்தார். நம் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த என். கோபாலசாமி அய்யங்கார் இருந்தார். பிறகு டி.டி. கிருஷ்ணமாச்சாரி வந்து சேர்ந்தார். ஒரு கமாவுக்காக அரை நாள் வாதாடக்கூடிய தலைமுறை அது. அவர்கள் யாருக்கும் அந்த இடத்தில் 'ஃபெய்த்ஃபுலி' உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது.

குடியரசுத் தலைவர் உறுதிமொழியின் மூலம் அமெரிக்காவினுடையது. 1787-இல் எழுதிய அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே 35 வார்த்தைகளில் அது இருக்கிறது. அதை ஒட்டித்தான் நம்முடைய 60-ஆவது பிரிவு. இந்திய மக்களின் சேவைக்கும் நலனுக்கும் என்னை அர்ப்பணிப்பேன் என்பதை நாம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டோம்.

அந்த அமெரிக்க உறுதிமொழியில் நடந்த ஒரு கூத்தை நான் என் கண்ணால் டி.வி.யில் பார்த்திருக்கிறேன். 2009 ஜனவரி 20, நம் கணக்குக்கு ராத்திரி பத்தரை மணி. ஒபாமா பதவி ஏற்கிறார். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் கையில் தாள் இல்லாமல், மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார். 'ஐ வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஃபெய்த்ஃபுலி'யை விட்டுவிட்டு, வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒபாமா தயங்கி நின்றார். ராபர்ட்ஸ் திருத்தப் பார்த்தார், இன்னும் குழம்பியது. கடைசியில் ஒபாமாவும் 'ஃபெய்த்ஃபுலி'யைக் கடைசியில் வைத்தே சொல்லி முடித்தார். பின்னால் யாரும் வம்பு செய்யக் கூடாது என்று மறுநாள் ராத்திரி வெள்ளை மாளிகையில் இன்னொரு தரம் உறுதிமொழி எடுத்தார்கள். இந்த முறை நிதானமாக.

அன்று அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கதைதான் ஞாபகம் வந்தது. சரபோஜி மன்னர் என்ன திதி என்று கேட்க, அம்பாளின் முகத்தில் லயித்திருந்த அபிராமி பட்டர் அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார் என்பார்கள். அந்த ஒரு வார்த்தைத் தடுமாற்றத்திலிருந்துதான் அபிராமி அந்தாதியே பிறந்தது. அந்த வருஷம் தை அமாவாசை ஒபாமா பதவியேற்று ஆறாம் நாள் வந்தது. கோயில் கூட்டத்தில் நின்றபடி, "ராபர்ட்ஸுக்கு அந்தாதி பாடத் தெரியலை, அதான் மறுநாள் திரும்பச் சொல்ல வேண்டியதாப் போச்சு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன்.

அதற்கும் மறுநாள், ஜனவரி 27, ஆர். வெங்கட்ராமன் காலமானார். பட்டுக்கோட்டை பக்கத்து ராஜாமடத்துக்காரர். வக்கீல். 1987 ஜூலை 25-இல் தலைமை நீதிபதி பதக் முன்னிலையில் அந்த 60-ஆவது பிரிவின்படி பதவி ஏற்றவர். அந்த வாரம் முழுக்க பத்திரிகைகளில் ஒரு பக்கம் ஒபாமா, இன்னொரு பக்கம் ஆர்.வி. இரண்டு பேரும் எடுத்த உறுதிமொழியில் அதே வார்த்தை அதே இடத்தில் இருக்கிறது என்பதும், 1974-இல் நான் ஒரு பையன் நோட்டில் செய்ததைத்தான் ராபர்ட்ஸ் வாஷிங்டனில் செய்தார் என்பதும் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. அதற்கு இன்னும் பத்து வருஷம் கழித்து அந்தப் பையனே வர வேண்டியிருந்தது.

ராபர்ட்ஸ் ஏன் தடுமாறினார்? பதற்றம் என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் ஹார்வர்டில் மொழியியல் ஆராய்ச்சி செய்யும் ஸ்டீவன் பிங்கர் அதே வாரம் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். ராபர்ட்ஸ் இலக்கண சுத்தம் பார்க்கிறவர். துணைவினையையும் வினையையும் பிரிக்கக் கூடாது என்ற மூடநம்பிக்கை அமெரிக்காவில், முக்கியமாகச் சட்டம் எழுதுகிறவர்களிடம், ஊறிப்போனது. மனப்பாடமாகச் சொல்லும்போது அந்தப் பழக்கம் அவரை அறியாமலே அந்த வார்த்தையை நகர்த்திவிட்டது என்பது அவருடைய ஊகம். ஊகம்தான். ஆனால் அதே வியாதி முப்பது வருஷம் எனக்கும் இருந்ததால் நான் அதை நம்புகிறேன். சிவப்புப் பேனா பிடித்த கைக்கு 'ஃபெய்த்ஃபுலி' அந்த இடத்தில் இருந்தாலே அரிக்கும்.

சரி, இந்த வியாதி எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு அண்ணன் உண்டு. 'டு' என்ற சொல்லுக்கும் வினைக்கும் நடுவில் எதையும் நுழைக்கக் கூடாது என்ற பிரபலமான விதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளம்பியது. கேன்டர்பரி தேவாலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபோர்டு 1864-இல் இங்கிலீஷ் நடை பற்றி எழுதிய புத்தகத்தில், அப்படி ஒரு வழக்கமே ஆங்கிலத்தில் கிடையாது என்கிற மாதிரி சொல்லிவைத்தார். லத்தீனில் அந்த வினை ஒரே சொல், அதைப் பிரிக்க முடியாது, அதைப் பார்த்து ஆங்கிலத்துக்கும் விதி செய்தார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆல்ஃபோர்டு லத்தீனைக் காரணம் காட்டவில்லை. யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதுதான் அவர் வாதம். பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தம்பி பிறந்தது அந்தப் பயத்தில். 'டு'வையும் வினையையும் பிரித்தால் பாவம் என்று பழகியவர்கள், அப்படியானால் 'வில்'லையும் வினையையும் பிரிப்பதும் பாவம்தானே என்று தாங்களாகவே முடிவு கட்டினார்கள். ஃபௌலர் 1926-இல் வெளியிட்ட தம்முடைய புகழ்பெற்ற அகராதியில் இதைத்தான் கண்டிக்கிறார். துணைவினைக்கும் வினைக்கும் நடுவில்தான் அட்வெர்பின் இயல்பான இடம் என்பது அவர் தீர்ப்பு. அண்ணனை ஆதரிக்கவாவது நாலு பெரிய மனிதர்கள் இருந்தார்கள். தம்பிக்கு யாருமே இல்லை, பயம் மட்டும்தான்.

இதில் எனக்கு மிகவும் வெட்கமான விஷயம் ஒன்று. ரென் அண்ட் மார்ட்டின். இந்தப் பெயர் தெரியாமல் நம் தலைமுறையில் யாராவது இங்கிலீஷ் படித்திருக்க முடியுமா? 1930-களில் இந்தியாவில் வந்த புத்தகம். ரென் என்பவர் கராச்சியில் தலைமையாசிரியராக இருந்தவர். 'பூ ஜெஸ்ட்' என்ற வெளிநாட்டுப் பட்டாள நாவலை எழுதியவரும் அவரே. அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம் முப்பது வருஷம் என் மேஜையில் கிடந்தது. அட்வெர்ப் எங்கே நிற்க வேண்டும் என்று அதில் ஒரு தனிப் பகுதி. துணைவினையும் முக்கிய வினையும் சேர்ந்து வந்தால் நடுவில் வைக்க வேண்டும் என்று அதிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். இருந்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை, என் தலைமையாசிரியர் குரல்தான் காதில் கேட்டது. 'நெவர்', 'ஆல்வேஸ்', 'ஆஃபன்' மாதிரியான சொற்களுக்கு மட்டும்தான் அந்தப் பக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லா அட்வெர்பும் எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்பதில்லை. 'ஹி வில் கம் டுமாரோ' என்றால் 'டுமாரோ' கடைசியில்தான். 'ஷி கேன் சிங் வெல்' என்பதில் 'வெல்'லை நடுவில் போட்டால் காதே ஒப்பாது. 'சூன்' இரண்டு இடத்திலும் நிற்கும். 'ஃபெய்த்ஃபுலி'யும் அப்படித்தான், ஆகையால் ராபர்ட்ஸ் சொன்ன வாக்கியமும் இலக்கணப்படி பிழையில்லை. அரசியல் சட்டத்தில் உள்ள வாக்கியம் அது இல்லை, அவ்வளவே. ஆனால் உறுதிமொழியில் வாக்கியம் நீளம். கடைசிக்குத் தள்ளினால் 'உண்மையாக' என்பது எந்த வினையோடு சேர்கிறது என்று தேட வேண்டிவரும். செய்வேன் என்பதற்கு முன்னாலேயே எப்படிச் செய்வேன் என்று சொல்லிவிடுவதுதான் உறுதிமொழிக்கு அழகு.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லையே இல்லை என்று ஒரு கணம் தோன்றும். 'நிறைவேற்றுவேன்' என்பதற்குள்ளேயே எதிர்காலமும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். 'வ்' என்ற இடைநிலைக்கும் 'நிறைவேற்று' என்ற பகுதிக்கும் நடுவில் ஊசி நுழைய இடமில்லை. நம் மந்திரிகள் 'உண்மையாகவும் உளச்சான்றின்படியும்' என்பதை வினைக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் 'வர வேண்டும்', 'வரக் கூடாது', 'வர மாட்டான்' என்று துணைவினை தனியாக நிற்கும் இடங்களைப் பாருங்கள். 'வரத்தான் வேண்டும்', 'வரவே கூடாது', 'வரவும் கூடும்' என்கிறோம். 'தான்', ஏகாரம், உம்மை மூன்றும் நடுவில் வந்து உட்கார்ந்து அழுத்தம் கொடுக்கின்றன. 'சீக்கிரம்' நுழையாது, 'வரச் சீக்கிரம் வேண்டும்' என்று எவரும் சொல்லமாட்டார். எது நுழையலாம், எது நுழையக் கூடாது என்பதை எந்த வாத்தியாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, பேச்சே சொல்லித்தந்தது. இங்கிலீஷ்காரனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

நம் பக்கத்தில் இங்கிலீஷ் ஒரு காலத்தில் வேதம் மாதிரி. வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் படித்த சீனிவாச சாஸ்திரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று பெயர் வாங்கியவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். காந்திஜியின் சத்திய சோதனை ஆங்கில மொழிபெயர்ப்பை 1940 பதிப்புக்காகத் திருத்திக்கொடுத்தவர் அவர். தன் பெயரைப் போடக் கூடாது என்று நிபந்தனை வைத்ததால் மகாதேவ தேசாய் முன்னுரையில் 'மதிப்புக்குரிய நண்பர்' என்று மட்டும் எழுதினார். அவ்வளவு பெரிய ஆள் திருத்தியும் பெயர் வேண்டாம் என்றார். நாங்களோ ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டுக் கையெழுத்தைப் பெரிதாகப் போடுவோம்.

அமெரிக்காவிலேயே இன்னொரு சம்பவம். 1929 மார்ச் 4. தலைமை நீதிபதி டாஃப்ட், அதற்கு முன் ஜனாதிபதியாகவே இருந்தவர், ஹூவருக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுத்தபோது 'ப்ரொடெக்ட்' என்பதற்குப் பதில் 'மெயின்டெய்ன்' என்று சொல்லிவிட்டார். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பதிமூன்று வயதுப் பள்ளிக்கூடப் பெண் அதைக் கண்டுபிடித்து அவருக்கே கடிதம் எழுதினாள். படச்சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரி. அவளை யாரும் பெஞ்சு மேல் ஏற்றவில்லை.

இதையெல்லாம் தேடிப் படித்த பிறகு ஒருநாள் அவருக்குப் போன் செய்தேன். 'நெவர்' பற்றி அவன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரியும் என்றேன். 1974-இல் தெரிந்திருந்தால் அந்த மார்க்கைக் குறைத்திருக்க மாட்டேன், பெஞ்சிலும் ஏற்றியிருக்க மாட்டேன், மன்னிச்சுக்கோப்பா என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பெஞ்சு மேல நின்னது பரவாயில்ல சார். கால் வலி அன்னிக்கே போச்சு. ஆனா கோர்ட்ல முப்பத்தஞ்சு வருஷம் டிராஃப்ட் அடிச்சேன். வில், ஷல் வர்ற ஒவ்வொரு இடத்திலயும் டைப்ரைட்டர்ல கை ஒரு செகண்ட் நிக்கும். நான் நினைக்கிறது சரியா, சார் சொன்னது சரியான்னு. ஜட்ஜ் டிக்டேட் பண்றதைக் கேட்டாதான் தைரியம் வரும்."

இதைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க சார். பேர் மட்டும் போடாதீங்க. அந்தப் பரிசை வாங்கினவன் எனக்குச் சம்பந்தி ஆயிட்டான்."

என்ன புத்தகம் பரிசாகக் கொடுத்தோம் என்பது எனக்கு மறந்துவிட்டது. அவரிடம் கேட்டேன். ரென் அண்ட் மார்ட்டின் என்றார்.